குலத்தைக் கேட்டார்கள், சொல்லைக் கேட்கவில்லை

ஒரே ஒரு பாட்டு ஒரு கலை வடிவத்தையே கொன்றுவிட முடியுமா? முடியும், கொன்றும்விட்டது என்று 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் மூத்த ராப் கலைஞர் ஐஸ்-டி அறுதியிட்டுச் சொன்னார். அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது சோல்ஜா பாய் என்ற பதினேழு வயதுச் சிறுவனை. கொலைக் கருவி, ‘கிராங்க் தட்’ என்னும் நான்கு நிமிடம்கூட ஓடாத ஓர் ஆட்டப் பாட்டு. கொலையுண்டதாகச் சொல்லப்பட்டது ஹிப் ஹாப். இவ்வழக்கு கேட்போர் கூட்டத்தை இரண்டாகப் பிளந்தது. ஒரு சாரார், ஆம், செத்தே விட்டது என்று ஒப்பாரி வைத்தனர். மறுசாரார், கிழவர்களுக்குப் பொறாமை என்று எள்ளி நகையாடினர்.

நாம் இவ்விரு சாராரோடும் உடன்படவில்லை. பிணம் என்று சொல்லப்பட்டது இன்றும் எழுந்து நடமாடுகிறது. ஆகவே கொலைக் குற்றச்சாட்டு தானாகவே தள்ளுபடியாகிவிட்டது. ஆனால் வெறும் வேடிக்கைப் பாட்டுக்கு ஏன் இத்தனை அமளி என்று கேட்டவர்களையும் அவ்வளவு எளிதாக விட்டுவிட இயலாது. அப்பாட்டின்மீது சாட்டியிருக்க வேண்டிய குற்றம் ஒன்று உண்டு. அதை இரு அணியினருமே சாட்டவில்லை. ஏன் சாட்டவில்லை என்பதே நம் கேள்வி.

முதலில் பாட்டின் பிறப்பைப் பார்த்துவிடுவோம். சோல்ஜா பாயின் இயற்பெயர் டிஆண்ட்ரே வே. 1990இல் சிகாகோவில் பிறந்து, சிறு வயதில் அட்லாண்டாவுக்குப் பெயர்ந்து, பதினான்காம் வயதில் மிசிசிப்பி மாநிலத்தின் பேட்ஸ்வில் என்ற சிற்றூருக்குச் சென்றவர். எஃப்எல் ஸ்டுடியோ என்ற மென்பொருளைக் கொண்டு கணினியில் தாமே தாளம் கட்டினார். பாடியதைத் தாமே இணையத்தில் ஏற்றினார். ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று கற்பிக்கும் ஒளிக்காட்சியையும் கூடவே ஏற்றினார். அட்லாண்டாவின் தயாரிப்பாளர் மிஸ்டர் காலிபார்க் அவரைக் கண்டெடுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள, யுனிவர்சல் குழுமத்தைச் சேர்ந்த இன்டர்ஸ்கோப் நிறுவனம் 2007இல் அப்பாட்டை நாடெங்கும் கொண்டுசென்றது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாளிட்ட பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. இடையில் ஒரு வாரம் கான்யே வெஸ்ட்டின் ‘ஸ்ட்ராங்கர்’ அதைக் கீழே இறக்கியது. அடுத்த வாரமே மீண்டும் ஏறி அமர்ந்தது. மொத்தம் ஏழு வாரம். அமெரிக்காவில் விற்ற எண்ணிமப் பிரதிகள் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல். கைப்பேசி அழைப்பொலியாக விற்றவை தனிக்கணக்கு.

பாட்டின் கட்டுமானம் மிக எளியது. டிரினிடாடின் எஃகு மேளத்தை நினைவூட்டும் சில சுரங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. விரற்சொடுக்கே தாளமாகிறது. பாடுபவன் கதை எதுவும் சொல்வதில்லை. இப்படி ஆடு, அப்படி ஆடு என்று ஏவுகிறான். ஆடுபவர்கள் குதிக்கிறார்கள், காலை மடிக்கிறார்கள், கைகளை விரித்து முன்னே சாய்ந்து சூப்பர்மேனைப் போலப் பறக்க முயல்கிறார்கள். ஒரு முறை கேட்டால் பாடலாம். இரு முறை பார்த்தால் ஆடலாம். பள்ளி முற்றங்களிலும் திருமண வீடுகளிலும் விளையாட்டரங்குகளிலும் அது பரவியதற்கு வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இனி வழக்குக்கு வருவோம். ஐஸ்-டியின் தரப்பை அதன் வலுவான வடிவில் எடுத்துரைப்பதே நேர்மை. ராப் என்பது சொற்கலை. ராக்கிம், பிக் டாடி கேன் போன்றோர் அடிக்குள் எதுகையை அடுக்கி, சொல்லுக்குள் சொல்லைப் பின்னி, மூச்சு விடும் இடத்தையே அணியாக்கியவர்கள். அந்த மரபின் உச்சியில் இப்போது நிற்பது எது? பத்துப் பதினைந்து சொற்களைச் சுழற்றிக்கொண்டிருக்கும் ஒரு கூச்சல். இதுவே வெற்றி என்றால் நாளை எவன் சொல்லைச் செதுக்கக் கற்றுக்கொள்வான்? ஐஸ்-டிக்கு முன்பே நியூயார்க் கவிஞர் நாஸ், 2006 டிசம்பரில், ஹிப் ஹாப் இறந்துவிட்டது என்பதையே தம் இசைத்தொகுப்பின் தலைப்பாக்கியிருந்தார். ஒப்பாரிக்கு மெட்டு ஏற்கெனவே தயார்.

சோல்ஜா பாய் ஓர் ஒளிக்காட்சியில் பதில் சொன்னார். ஐஸ்-டி 1958இல் பிறந்தவர் என்பதைக் கணக்கிட்டு, வயதைச் சொல்லிக் கேலி செய்தார். ஐஸ்-டி தம் கடுஞ்சொற்களுக்கு வருத்தம் தெரிவித்தாரே தவிர, கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கான்யே வெஸ்ட் சிறுவனுக்காகப் பேசினார்: ஏழைக் குடியிருப்பிலிருந்து வந்தவன், தானே தாளம் கட்டினான், ஒரே பாட்டில் புதிய பேச்சையும் புதிய ஓசையையும் புதிய ஆட்டத்தையும் கொடுத்தான், இது ஹிப் ஹாப் இல்லையென்றால் வேறு எது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இரண்டு தரப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர், நீ எம் மரபில் வந்தவன் அல்லன் என்கிறார். மற்றவர், இல்லை, அவன் மரபில் வந்தவனே என்கிறார். இருவரும் விசாரித்தது பாடியவனின் குலத்தை.

குலம் விசாரிப்பது இக்கலைக்குப் புதிதன்று. ஹிப் ஹாப்பின் முதல் பெருவெற்றி என்று எல்லா வரலாறுகளும் குறிப்பிடும் ‘ராப்பர்ஸ் டிலைட்’ 1979இல் வெளிவந்தபோது என்ன நடந்தது? பிராங்க்ஸ் தெருக்களில் பல ஆண்டுகளாக ஒலிபெருக்கி கட்டி ஆடிக்கொண்டிருந்த அசல் கலைஞர்கள் திகைத்துப்போனார்கள். பாடிய சுகர்ஹில் கேங் நியூ ஜெர்சியில் ஒரு தயாரிப்பாளர் சேர்த்துவைத்த குழு. தாளம், ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் ‘குட் டைம்ஸ்’ பாட்டிலிருந்து வந்தது. மூவரில் ஒருவர் பாடிய அடிகளோ பிராங்க்ஸின் கிராண்ட்மாஸ்டர் காஸ் எழுதிவைத்திருந்தவை. அவர் பெயரைக்கூட எடுக்காமல் அப்படியே பாடினார். வெளியுலகம் அதை ஒரு பருவத்து வேடிக்கை என்றது. உள்ளுலகம் போலி என்றது. உலகுக்கு ஹிப் ஹாப்பை அறிமுகம் செய்துவைத்தது அந்தப் போலி வேடிக்கைதான். காஸுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அநீதியின் பெயர் களவு. குலக் கலப்பு அன்று. இரண்டையும் குழப்பியதால்தான், களவு போன கவிஞருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமலேயே அவ்விவாதம் முடிந்துபோனது.

பிறகு தெற்கின் முறை. 1995 ஆகஸ்டில் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில் அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு சிறந்த புதுக் குழுவுக்கான விருதைப் பெற்றபோது அரங்கம் கூச்சலிட்டு இகழ்ந்தது. தெற்குக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று ஆந்த்ரே மேடையில் நின்று அறிவித்தது அன்றுதான். பத்தாண்டு கழித்து அதே அட்லாண்டாவின் விரற்சொடுக்குப் பாட்டுகள் வந்தபோது, நியூயார்க் செவிகள் மீண்டும் சுளித்தன. 2006 ஜனவரியில் டி4எல் குழுவின் ‘லாஃபி டாஃபி’ ஹாட் 100இன் முதலிடத்தைப் பிடித்தது. அடுத்த ஆண்டு சோல்ஜா பாய் வந்தார். 2019இல் லில் நாஸ் எக்ஸ் பாடிய ‘ஓல்டு டவுன் ரோடு’ நாட்டுப்புறப் பட்டியலில் இருக்கத் தகுதியற்றது என்று பில்போர்டு நீக்கியதும் இதே விசாரணைதான். அது பின்பு ஹாட் 100இல் பத்தொன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது வேறு கதை. சங்கப் பலகை ஒவ்வொரு தலைமுறையிலும் சுருங்கிக் காட்டுகிறது. உட்கார இடமில்லை என்று கீழே தள்ளப்பட்டவனே அடுத்த தலைமுறையில் பலகையைக் காக்கும் புலவனாகிறான். 1992இல் ‘காப் கில்லர்’ பாட்டுக்காக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வரை கண்டித்த கலைஞர் ஐஸ்-டி. இது இசையே அன்று என்ற வசையை அவர் அளவுக்குக் கேட்டவர்கள் குறைவு. அவரே பலகையின் காவலராக எழுந்து நின்றதை என்னென்பது?

சொற்செறிவு இல்லை என்ற குறை மெய்யானதே. ஆனால் எந்த வகைப் பாட்டை எந்த அளவுகோலால் அளப்பது என்பது தமிழிலக்கியம் பயின்றோருக்குப் பழகிய கேள்வி. கும்மிப் பாட்டைக் காப்பியத்தின் தராசில் வைத்து, எடை குறைவு என்று எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. தொல்காப்பியம் எண்வகை வனப்பில் ஒன்றாகப் ‘புலன்’ என்பதைச் சொல்கிறது. சேரி மொழியில் அமைந்து, ஆராய்ந்து பார்க்க வேண்டாமலே பொருள் தோன்றும் செய்யுள் அது. உரை எழுதிய பேராசிரியர் அதற்குக் கூத்துச் செய்யுளை எடுத்துக்காட்டுகிறார். எளிமையை ஊனமாகக் கொள்ளாமல் ஒரு வனப்பாக எண்ணியவர்கள் நம் இலக்கணிகள். ராக்கிம் செய்தது ஒன்று. சோல்ஜா பாய் செய்தது வேறொன்று. கூட்டத்தை ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்ப வைப்பது ஆட்டப் பாட்டின் வேலை. அந்த வேலையை ‘கிராங்க் தட்’ குறைவறச் செய்தது.

அமெரிக்கக் கறுப்பினப் பண்பாட்டிலேயே இவ்வகைப் பாட்டுக்கு ஆழ்ந்த வேர் உண்டு. இசை அறிஞர் கைரா காண்ட் 2006இல் வெளியிட்ட ‘தி கேம்ஸ் பிளாக் கேர்ள்ஸ் ப்ளே’ என்ற நூல் இதை விரிவாகப் பேசுகிறது. கறுப்பினச் சிறுமிகள் தலைமுறை தலைமுறையாகத் தெருவோரம் கைதட்டிப் பாடியவை, இரட்டைக் கயிறு சுழற்றித் தாண்டிப் பாடியவை, சுற்றி நின்று ஒருத்தியை நடுவில் ஆடவிட்டுப் பாடியவை ஆகிய விளையாட்டுப் பாட்டுகளே அம்மக்களின் இசைக்கல்விக் கூடம் என்பது அவர் நிறுவும் கருத்து. தாளம் உடம்பில் ஏறுவது அங்கேதான். ஆனால் ஹிப் ஹாப் வரலாறு எழுதப்படும்போது அது ஆண்களின் கலையாகவே எழுதப்படுகிறது. சிறுமிகளின் விளையாட்டு கணக்கில் வருவதில்லை. நெல்லி என்ற ராப் கலைஞரின் ‘கன்ட்ரி கிராமர்’ 2000ஆம் ஆண்டில் பெருவெற்றி பெற்றது. அதன் பல்லவி சிறுமிகளின் கைதட்டுப் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டதே என்பதைக் காண்ட் சுட்டிக்காட்டுகிறார்.

இந்த ஒளியில் ‘கிராங்க் தட்’ பாட்டைக் கேளுங்கள். ஏவுதலும் அதற்கு எதிர்வினையும், கைச்சொடுக்கு, கற்பிக்கும் அசைவுகள், ஒருவர் செய்ய மற்றவர் பார்த்துச் செய்தல். சிறுமிகளின் விளையாட்டு இலக்கணம் இதில் அடிக்கு அடி ஒலிக்கிறது. பாட்டு ஹிப் ஹாப் குலத்தைச் சேர்ந்ததா என்று கேட்டவர்களுக்கு நம் விடை இதுதான்: தந்தை வழியை மட்டும் தேடினீர்கள், தாய் வழியைத் தேடியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இதுவரை வந்தவர்கள் நம்மைப் பாட்டின் ஆதரவாளர் பட்டியலில் சேர்த்திருப்பார்கள். பொறுங்கள்.

பாட்டில் பல்லவிதோறும் ஒரு சொல் வருகிறது. பெண்ணை விலைமகள் என்று இழிக்கும் ஓரசைக் கொச்சைச் சொல். சூப்பர்மேன் அசைவு செலுத்தப்படுவது அச்சொல்லால் சுட்டப்படும் ஒருத்தியை நோக்கித்தான். அத்தொடருக்கு ஓர் ஆபாச விளக்கம் அன்று காட்டுத்தீயாகப் பரவியது. அந்த விளக்கம் மெய்யா பொய்யா என்று ஆராய வேண்டிய தேவை நமக்கில்லை. சொல்லின் நேர்ப்பொருளே போதும். கைகளை விரித்துப் பறந்த குழந்தைகளின் வாயில் அச்சொல் இருந்தது. சிறுமிகளின் வாயிலும் இருந்தது. எந்த விளையாட்டு வடிவத்தை அவர்களின் பாட்டிமாரும் தாய்மாரும் தெருவோரத்தில் உருவாக்கி வளர்த்தார்களோ, அதே வடிவம் அவர்களுக்கான வசையைச் சுமந்துகொண்டு அவர்களிடமே திரும்பி வந்தது.

அது எந்த ஆண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2007 ஏப்ரலில் டான் ஐமஸ் என்ற வெள்ளையின வானொலி அறிவிப்பாளர், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியினரை, அவர்களில் பெரும்பாலோரான கறுப்பின மாணவியரின் கூந்தலையும் சேர்த்து இழித்து, இதே சொல்லால் குறிப்பிட்டார். நாடே கொதித்தது. சில நாட்களில் சிபிஎஸ் வானொலி அவரைப் பணிநீக்கம் செய்தது. அவருக்காகப் பரிந்து பேசியவர்கள், ராப் பாடகர்கள் நாள்தோறும் சொல்வதுதானே என்றார்கள். அம்மாத இறுதியிலேயே, ஹிப் ஹாப் வணிகத்தின் முன்னோடிகளில் ஒருவரான ரஸல் சிம்மன்ஸ், இச்சொல் உட்பட மூன்று சொற்களை ஒலிபரப்பில் மறைக்க வேண்டும் என்று இசைத்தட்டு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். ஐந்து மாதம் கழிந்தது. அச்சொல்லைப் பல்லவியாகக் கொண்ட பாட்டு நாட்டின் முதற்பாட்டாக ஏறி அமர்ந்தது.

செப்டம்பர் 25ஆம் நாள் வாஷிங்டனில் அமெரிக்கக் கீழவையின் துணைக்குழு ஒன்று, பாபி ரஷ் தலைமையில், இத்தகைய இழிவுச் சித்திரங்களின் வணிகம் பற்றி விசாரணை நடத்தியது. யுனிவர்சல் இசைக் குழுமத்தின் தலைவர் டக் மாரிஸ் அங்கே சாட்சி சொன்னார். அவர் குழுமத்தின் சரக்கு பட்டியலின் உச்சியில் இருந்த காலம் அது. மிசிசிப்பியைச் சேர்ந்த ராப் கலைஞர் டேவிட் பேனர், ஹிப் ஹாப் நோயுற்றிருப்பது அமெரிக்கா நோயுற்றிருப்பதால்தான் என்று வாதிட்டார். பேராசிரியர் டிரேசி ஷார்ப்லி-வைட்டிங்கும் சாட்சி சொன்னார். கறுப்பின இளம்பெண்கள்மீது ஹிப் ஹாப் கொண்டிருக்கும் பிடியைப் பற்றி அவர் எழுதிய நூல் அவ்வாண்டுதான் வெளிவந்தது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி நாட்டின் சட்டமன்றத்திலேயே கேட்கப்பட்டுக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு ஐஸ்-டி வழக்குத் தொடுத்தபோது அந்தக் கேள்வி மட்டும் அதில் இல்லை.

அவருக்கும் முன்பே, அதுவும் அட்லாண்டாவிலேயே, கேட்டவர்கள் உண்டு. 2004இல், முன்னர் குறிப்பிட்ட அதே நெல்லி, எலும்பு மச்சைக் கொடையாளர் பதிவு முகாம் ஒன்றுக்காக ஸ்பெல்மன் கல்லூரிக்கு வருவதாக இருந்தது. அது கறுப்பினப் பெண்களுக்கான வரலாற்றுப் புகழ் வாய்ந்த கல்லூரி. அவருடைய ‘டிப் டிரில்’ பாட்டின் ஒளிக்காட்சியில் ஒரு பெண்ணின் பின்புறத்தில் கடன் அட்டையைத் தேய்ப்பதாக ஒரு காட்சி வருகிறது. முகாமுக்கு வாருங்கள், அதோடு இக்காட்சி பற்றியும் எங்களோடு அமர்ந்து பேசுங்கள் என்று மாணவியர் கேட்டனர். நெல்லியின் அறக்கட்டளை முகாமையே கைவிட்டது. பேச அழைத்ததுதான் குற்றம். சிறுமிகளின் கைதட்டுப் பாட்டை எடுத்துப் பொருள் ஈட்டியவரிடம், வளர்ந்துவிட்ட அச்சிறுமிகள் ஒரு விளக்கம் கேட்டபோது கிடைத்த விடை அது. அம்மாணவியரில் ஒருவரான மோயா பெய்லிதான், பின்னாளில் கறுப்பினப் பெண்கள்மீது இனவெறுப்பும் பெண்வெறுப்பும் ஒருசேரக் கவிவதைக் குறிக்க ‘மிசோஜினுவார்’ என்ற சொல்லை ஆக்கித் தந்தவர்.

இனி, ஐஸ்-டி ஏன் இதைக் கேட்கவில்லை என்பதற்கு வருவோம். கேட்டால் தம் வீட்டுக் கதவையே தட்ட வேண்டியிருக்கும். அவருடைய 1988ஆம் ஆண்டு ‘பவர்’ தொகுப்பின் அட்டையில் நீச்சலுடையில் ஒரு பெண் துப்பாக்கி ஏந்தி நிற்கிறாள். உள்ளே, பெண்ணுக்கு விடுக்கும் ஆபாச ஆணையையே முதலெழுத்துகளாகச் சுருக்கித் தலைப்பாக்கிய பாட்டு ஒன்று இருக்கிறது. சொற்செறிவில் அது சோல்ஜா பாயைவிட மேலாக இருக்கலாம், சொல்லில் மேலானதன்று. பொற்காலம் என்று மூத்தோர் கொண்டாடும் பருவத்திலிருந்து இந்தச் சொல்லையும் இதன் உறவுச் சொற்களையும் நீக்கினால், பல தொகுப்புகளில் துளைகள் விழும். ஆகவே குற்றப்பத்திரிகை இலக்கணப் பிழையாக எழுதப்பட்டது: எதுகை இல்லை, பொருட்செறிவு இல்லை, மரபு இல்லை. பையன் எம்மிடமிருந்தே கற்றுக்கொண்ட ஒரு சொல்லைப் பல்லவியில் வைத்திருக்கிறான் என்று எழுத எவருக்கும் கை வரவில்லை. எதிரணியில் நின்ற கான்யே வெஸ்ட்டுக்கும் அது வசதியான மௌனமாகவே அமைந்தது. அவருடைய பாட்டுகளும் அச்சொல்லுக்கு அந்நியமல்ல.

இங்கே இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறோம்.

முதலாவது, இது தணிக்கைக்காரரின் குரல் என்பது. அன்று. 1990இல் ஃபுளோரிடாவில் டூ லைவ் க்ரூ என்ற குழுவின் இசைத்தொகுப்பை ஆபாசம் என்று ஒரு கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது. மேடையில் பாடியதற்காக அவர்கள் கைதும் செய்யப்பட்டனர். பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் அவர்களுக்காகச் சாட்சி சொன்னார். கறுப்பின மக்களின் வாய்மொழி மரபில் மிகையும் பகடியும் கலந்த வசை விளையாட்டு நெடுங்காலமாக உண்டு, அதை அறியாதவர் அப்பாட்டுகளைப் புரிந்துகொள்ள இயலாது என்றார். நடுவர் குழு அவர்களை விடுவித்தது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரை நமக்கு இன்றும் வழிகாட்டி. கறுப்பர்களை மட்டும் குறிவைத்த அவ்வழக்கு இனவெறியின் விளைவே என்று அவர் தெளிவாக எதிர்த்தார். அதே மூச்சில், அப்பாட்டுகள் வெறும் பகடி என்று கொண்டாடவும் மறுத்தார். பகடி யாரை விலையாகக் கொடுத்து நடக்கிறது, கறுப்பினப் பெண்ணின் வலியை ஏன் எவரும் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்டார். வழக்குப் போடாதே, கொண்டாடவும் செய்யாதே, கேள் என்பது அவர் காட்டிய வழி. வானொலிக்கான பதிப்பில் அச்சொல்லை மழுக்கி ஒலிக்கவிட்டதால் பயன் ஏதும் விளையவில்லை. மழுக்கிய இடத்தில் இன்ன சொல் என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் தெரியும். தணிக்கை, நிறுவனம் தன் கையைக் கழுவிக்கொள்ளும் நீர்.

இரண்டாவது மறுப்பு, பதினேழு வயதுப் பையன்மீது இத்தனை பாரம் ஏற்றலாமா என்பது. ஏற்றலாகாது என்பதே நம் கருத்தும். 2025 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் நடந்த உரிமையியல் வழக்கொன்றில், தம் முன்னாள் பெண் உதவியாளர்மீது நிகழ்த்திய தாக்குதலுக்கும் பாலியல் வன்முறைக்கும் சோல்ஜா பாய் பொறுப்பாவார் என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது; குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். அது வளர்ந்த ஒருவரின் கணக்கு. அதற்குரிய மன்றம் வேறு. அதைப் பின்னோக்கி இழுத்து வந்து, ஒரு சிறுவன் கட்டிய ஆட்டப் பாட்டுக்கு உரையாக எழுத மாட்டோம். நம் கேள்வி பையனை நோக்கியதே அன்று. அவன் வாயில் அச்சொல்லை வைத்துக் கொடுத்த மூத்தோரையும், கேட்டும் கேளாதது போல் அதை முப்பது லட்சம் பிரதி விற்ற நிறுவனத்தையும், ஆடிக்கொண்டே காதைப் பொத்திக்கொண்ட பெரியவர்களையும் நோக்கியது.

வெறும் வேடிக்கைதானே என்று ஆதரவாளர்கள் சொன்னதை நாம் ஏற்காததும் இதனால்தான். அவர்கள் பாட்டைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு அதை இழித்தார்கள். ஆட்டப் பாட்டு அற்பமானது என்ற மூத்தோரின் தீர்ப்பையே ஒப்புக்கொண்டு, அற்பமானதை ஏன் ஆராய்கிறீர்கள் என்று கேட்டார்கள். விளையாட்டுப் பாட்டு அற்பமானதன்று. காப்பியத்தை மனிதன் வளர்ந்த பிறகு படிக்கிறான், அதோடு வாதிடுகிறான், வேண்டாதபோது மூடி வைக்கிறான். விளையாட்டுப் பாட்டு அவன் வாதிடக் கற்பதற்கு முன்பே உடம்புக்குள் போய்விடுகிறது. கையசைவோடு கலந்து போன சொல்லுக்குப் பொருள் தேடும் பழக்கம் நமக்கில்லை. அதனால்தான் அது நிலைக்கிறது. ராக்கிமின் பாட்டில் வரும் ஒரு வசையைவிட ‘கிராங்க் தட்’ பாட்டில் வரும் வசை வலியது. பாட்டு நன்றாக இல்லாததால் அன்று. மிக நன்றாக இருப்பதால்.

அடுத்த வேடிக்கைப் பாட்டு எங்கோ ஒரு சிறுவனின் அல்லது சிறுமியின் கைப்பேசியில் இப்போதே உருவாகிக்கொண்டிருக்கும். அது வெளிவந்ததும் ஒரு கூட்டம் ஒப்பாரிக்கு அமரும். ஒரு கூட்டம் ஆட எழும். ஆடுவோரோடு நாமும் எழலாம், தடையில்லை. எந்த ஊர், எந்த மரபு, யாரிடம் பாடம் கேட்டாய் என்று பாடியவரிடம் விசாரிப்பதை மட்டும் விட்டுவிடுவோம். பல்லவியில் இருப்பது என்ன சொல், அதை முதலில் சொல்லிக் கொடுத்தவர் யார், அதை விற்று எண்ணிக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்போம். ஸ்பெல்மன் மாணவியர் 2004இல் கேட்டதும் இவ்வளவே. அதற்கு இன்னும் எவரும் வந்து அமர்ந்து விடை சொல்லவில்லை.